ஊதா ரீஃபில்

டிசம்பர் 4

இந்த நோட்டு உங்கள் கைக்கு வந்திருக்கிறது என்றால், நீங்கள் பரணில் ஏறி, பழைய ஏர் ஃபில்டர் டப்பாவைத் திறந்து, உள்ளே திணித்திருக்கும் சாக்கையும் விலக்கியிருக்கிறீர்கள். நீங்கள் யாராக இருந்தாலும் சரி, திரும்ப அப்படியே வைத்துவிடுங்கள். படித்துவிட்டால்கூடப் பரவாயில்லை, யாரிடமும் காட்டாதீர்கள். அம்மாவிடம் வேண்டாம். பள்ளிக்கூடத்தில் யாரிடமும் வேண்டாம். அப்பாவிடம் வேண்டவே வேண்டாம். உங்கள் காலைப் பிடித்துக் கேட்கிறேன்.

என் பெயர் கோகிலவாணி. பத்தாம் வகுப்பு. மேட்டுப்பாளையத்தில் ஊட்டி ரோட்டில் 'மூர்த்தி கார்பரேட்டர்ஸ்' என்று போர்டு தொங்கும். கீழே பட்டறை, மேலே எங்கள் வீடு. மூர்த்தி என்பது என் அப்பா திருமூர்த்தி.

இன்று காலை போன் வந்தது. பெள்ளி அண்ணன் செத்துப்போய்விட்டார்.

பெள்ளி அண்ணன் கோத்தகிரிக்காரர். சொந்தமாக ஒரு பழைய சின்ன வெள்ளைக் கார் வைத்து டூரிஸ்ட்காரர்களை ஓட்டிக்கொண்டிருந்தார். நேற்று ராத்திரி ஊட்டியில் உறைபனி. லாட்ஜ் வாசலில் வண்டியை நிறுத்தி, ஹீட்டர் போட்டுக்கொண்டு உள்ளேயே படுத்திருக்கிறார். காலையில் டீக்காரர் கண்ணாடியைத் தட்டியிருக்கிறார். எழுந்திருக்கவில்லை. ஹார்ட் அட்டாக் என்று சொல்கிறார்கள். அவருக்கு முப்பத்தைந்து வயதுகூட இருக்காது.

போன மாதம்தான் வந்து ஒரு பை கேரட் கொடுத்தார். "டாக்டரம்மா, என் வண்டிக்கு நாடி பாத்தாச்சா? பொழைக்குமா?" என்று கேட்டார். நான் அப்பாவோடு உட்கார்ந்து கார்பரேட்டர் கழுவுவதால் எனக்கு அந்தப் பெயர். "பொழைச்சுக்கும், ஆனா தெனமும் ரெண்டு வேளை பெட்ரோல் குடுங்க" என்றேன். அப்படிச் சிரித்தார்.

நான் இதை எழுத ஆரம்பித்தது அவர் செத்ததற்காக மட்டும் இல்லை. போனில் அப்பா என்ன கேட்டார் என்பதற்காக. யாராவது செத்துப்போனால் எப்படி, எப்போ என்றுதானே கேட்பார்கள்? அப்பா முதலில் கேட்டது இது:

"வண்டி ஓடிக்கிட்டா இருந்துச்சு?"

ஏன் அப்படிக் கேட்டார் என்று தெரியவில்லை. அந்தக் குரல் காதிலேயே நிற்கிறது.

டிசம்பர் 5

அப்பா அடக்கத்துக்குப் போய்விட்டுச் சாயங்காலம் வந்தார். வாசலிலேயே குளித்தார். அம்மா காபி கொடுத்தாள்.

"பாக்கவே முடியலை பூங்கொடி. செத்த மொகம் மாதிரியே இல்ல. நல்லா செவசெவன்னு, தூங்கற புள்ள மாதிரி. அவன் சம்சாரம் ஒலுக்கி ஒலுக்கி எழுப்புது, 'பாருங்க, ரத்த ஓட்டம் இருக்கு, டாக்டரக் கூப்பிடுங்க'ன்னு."

"டாக்டர் பாத்தாங்களா?"

"பாத்தாரு. மாரடைப்புன்னுட்டாரு. அப்புறம் எதுக்கு அறுத்துக்கிட்டுன்னு சொந்தக்காரங்க எடுத்துட்டாங்க."

மாரடைப்பு என்று சொல்லும்போது அப்பா மூச்சை இழுத்துவிட்ட மாதிரி இருந்தது. எனக்கு அப்படித் தோன்றியது. களைப்பாகவும் இருக்கலாம்.

அப்பாவைப் பற்றி எழுதுகிறேன், ஏனென்றால் அவர் நல்லவர். பெட்ரோலையும் காற்றையும் கலந்து இஞ்சினுக்குக் கொடுப்பது கார்பரேட்டர். சாதாரண கார்பரேட்டர் எல்லோரும் பிரிப்பார்கள். கம்ப்யூட்டர் கார்பரேட்டர் வேறு. பத்துப் பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் வந்த கார்களில் கொஞ்ச நாள் அதை வைத்தார்கள். புகைக்குழாயில் ஒரு சென்சார் இருக்கும், மூக்கு மாதிரி. அது புகையை மோந்து பார்த்து கம்ப்யூட்டருக்குச் சொல்லும். பெட்ரோல் அதிகமாகப் போனால் கம்ப்யூட்டர் கார்பரேட்டரில் இருக்கும் கரண்ட் வால்வை மூடி மூடித் திறந்து குறைக்கும். மலை மேலே காற்று மெல்லிசு, அங்கே இன்னும் குறைக்கும். இதில் எது கெட்டாலும் மீட்டர் போர்டில் இஞ்சின் படம் போட்ட மஞ்சள் விளக்கு எரியும். கோயம்புத்தூரில்கூட முடியாது என்று திருப்பி அனுப்புவார்கள். மூர்த்தியிடம் போ, மூர்த்தி கை வைத்தால் விளக்கு அணைந்துவிடும் என்பார்கள்.

நான் பெட்ரோல் வரும் சின்னத் துளைகளான ஜெட்டுகளை ஊதுவேன். கேஸ்கெட் வெட்டுவேன். மிதவையின் உயரம் அளப்பேன். கழுவுகிற திரவத்தில் போடுவதற்கு முன்னால் கரண்ட் சாமான்களைக் கழற்றி வைப்பேன், நனைந்தால் உள்ளே இருக்கும் கம்பிச்சுருள் கெட்டுப்போய்விடும். வயர் வேலை மட்டும் அப்பா தொடவிட மாட்டார். அது எப்போதும் நான் ஸ்கூல் போன பிறகு.

என் தீர்ந்த ரீஃபில் எல்லாம் அவருக்குத்தான். ஜெல் பேனா ரீஃபிலைத் துண்டாக வெட்டி, வயர் ஜாயின்ட்டின் மேல் மாட்டி, லைட்டரைக் கொஞ்சம் காட்டுவார். இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். டேப் மாதிரி பிசுபிசுக்காது, கழன்றும் வராது. அப்பாவின் கண்டுபிடிப்பு. வேறு யாரும் இப்படிச் செய்து நான் பார்த்ததில்லை.

டிசம்பர் 6

பெள்ளி அண்ணன் கொடுத்த கேரட்டில் மூன்று மிச்சம் இருந்தன. அம்மா பொரியல் வைத்தாள். நான் அதைத் தட்டோரம் ஒதுக்கிவைத்தேன்.

டிசம்பர் 8

எங்கள் சயின்ஸ் டீச்சர் ஹெப்சிபா மிஸ் கார்பன் பாடத்தை ரிவிஷன் எடுத்தார். பாதியில் நெற்றியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

"தெனமும் இந்தத் தலைவலிதான். ஸ்கூலுக்கு வந்து சேர்றதுக்குள்ள ஆரம்பிச்சிடுது. பத்து மணிக்கு மேல தானா போயிடும். எல்லாம் உங்களால, நீங்க எழுதற விடைகளால."

எல்லோரும் சிரித்தோம். அப்புறம் என் பேப்பரைத் தூக்கிக் காட்டினார். "இந்த அம்மாவுக்கு மட்டும் ஊதா மை. கல்யாணப் பத்திரிகையாடி இது? பரீட்சையில ஊதாவுல எழுதினா நான் திருத்தவே மாட்டேன்." சித்தி சென்னையிலிருந்து ஒரு பாக்கெட் ஊதாப் பேனா வாங்கி வந்தாள், என்ன செய்ய? இதையும் அதில்தான் எழுதுகிறேன்.

மிஸ்ஸிடமும் பெள்ளி அண்ணனுடையது மாதிரியே பழைய வெள்ளைக் கார். நவம்பரில் அப்பாவிடம் வந்தது. அப்போது அப்பா, "தளத்துல துரு புடிச்சிருக்குங் மிஸ், சைலன்சர் பைப்பும் இத்துப்போச்சு. அப்புறமா ஒருநாள் பாத்துக்கலாம்" என்றார். இன்று வகுப்பு முடிந்து மிஸ் போகும்போது என்னிடம், "உங்க அப்பாகிட்ட தேங்க்ஸ் சொல்லுடி. அந்த லைட் அணைஞ்சதுல இருந்து நிம்மதியா இருக்கேன். கிறிஸ்துமஸுக்குக் குன்னூர்ல அம்மா வீட்டுக்குப் போறோம், நானும் ஜோயலும். இருபத்து நாலாந்தேதி காலையில" என்றார். ஜோயல் அவர் பையன், எல்.கே.ஜி.

டிசம்பர் 10

பெள்ளி அண்ணனின் தம்பி ஜோகி அண்ணன் அந்தக் காரை ஓட்டிக்கொண்டு வந்தார். விற்கப் போகிறாராம், கொஞ்சம் சரிபார்த்துக் கொடுக்கச் சொன்னார். இறங்கியதும் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"என்னங் தம்பி?" என்று அப்பா கேட்டார்.

"தலை விண்ணு விண்ணுனு தெறிக்குது மூர்த்தியண்ணா. ரெண்டு எடத்துல நிறுத்தி வாந்தி எடுத்தேன். பொறந்ததுல இருந்து இந்தக் கொண்டைஊசி வளைவுலதான் ஏறி எறங்குறேன், ஒருநாளும் இப்படி ஆனதில்ல. அண்ணன் நெனப்புதான் போல."

"கண்ணாடி எறக்கி விட்டிருந்தீங்களா?"

"இந்தக் குளிர்லயா?"

அப்பாவின் கையிலிருந்து ஸ்பேனர் விழுந்தது. எடுக்கக் குனிந்தார். எடுத்துக்கொண்டு நிமிர ரொம்ப நேரம் ஆனது.

டிசம்பர் 11

என்னால் இன்று எழுத முடியாது. ஜீரோ பல்பு வெளிச்சத்தில் என் கையெழுத்தே எனக்குத் தெரியவில்லை. கடவுளே, அது என்னுடையது.

டிசம்பர் 12

எழுதிவிடுகிறேன்.

நேற்று சாயங்காலம் அப்பா கேஸ்கெட் ஷீட் வாங்கக் கோயம்புத்தூர் போயிருந்தார். பெள்ளி அண்ணனின் கார் பட்டறைக்குள் நின்றது. அவர் டாஷ்போர்டில் ஒரு பிளாஸ்டிக் நாய் வைத்திருப்பார், தலையை ஆட்டும். அதைப் பார்க்க ஆசையாக இருந்தது. உள்ளே ஏறினேன். நாய் கீழே விழுந்து, துருப்பிடித்து ஓட்டை விழுந்த தளத்தில் பெடல் பக்கம் கிடந்தது. குனிந்து எடுக்கும்போது ஸ்டீயரிங்குக்கு அடியில் தொங்கிய வயர்களைப் பார்த்தேன்.

மஞ்சள் விளக்குக்குப் போகிற வயரை வெட்டி, ஆயில் விளக்கின் வயரோடு முறுக்கியிருந்தது. அதன்மேல் ரீஃபில் துண்டு. உள்பக்கம் ஊதா மை காய்ந்து ஒட்டியிருந்தது. ஒரு முனை நசுங்கியிருந்தது, பல் தடத்தோடு. மை இறங்காதபோது நான் ரீஃபிலின் பின்பக்கம் வாய் வைத்துக் கடித்து ஊதுவேன். அது என் பல்.

அந்த வயரை எதற்காக அப்படிக் கட்டுவார்கள் என்று பார்த்தவுடனே புரிந்துவிட்டது. புரியாமல் இருந்திருக்கலாம். சாவி போட்டால் எல்லா விளக்கும் எரியும். இஞ்சின் ஓட ஆரம்பித்ததும் ஆயில் விளக்கு அணையும். அதோடு சேர்த்துக் கட்டினால் மஞ்சள் விளக்கும் கூடவே அணைந்துவிடும். உள்ளே என்ன கெட்டிருந்தாலும் அணைந்துவிடும். பார்க்கிறவர்களுக்கு எல்லாம் சரியாக இருக்கிற மாதிரியே இருக்கும்.

பானெட்டைத் திறந்து பார்த்தேன். கார்பரேட்டரில் வால்வு இருக்க வேண்டிய இடத்தில் ஒரு போல்ட்டை முறுக்கி அடைத்திருந்தது. பெட்ரோல் அதிகமாகப் போகும்படி ஸ்குரூவைத் தாராளமாகத் திறந்து வைத்திருந்தது.

மூர்த்தி கை வைத்தால் விளக்கு அணையும். நான் எத்தனை பேரிடம் இதைப் பெருமையாகச் சொல்லியிருக்கிறேன்!

அப்பா அவசரத்துக்கு இந்த ஒரு வண்டிக்கு மட்டும் செய்திருப்பார். இதற்கும் மாரடைப்புக்கும் சம்பந்தம் இல்லை. இருந்தால் அப்பாவுக்குத் தெரிந்திருக்காதா?

டிசம்பர் 14

ஞாயிற்றுக்கிழமை. அப்பா பெள்ளி அண்ணனின் காரை எடுத்துக்கொண்டு கல்லாறு தாண்டி மலையில் கொஞ்ச தூரம் போய்விட்டு வந்தார். டிரையல் பார்க்கிறாராம். எப்போதும் கண்ணாடியை இறக்கிவிட்டு, தலையை வெளியே நீட்டி இஞ்சின் சத்தம் கேட்டுக்கொண்டேதான் ஓட்டுவார். இன்று நாலு கண்ணாடியும் மூடியிருந்தன. இறங்கி, வேப்பமரத்தடியில் போய் வாந்தி எடுத்தார்.

"உப்புமா சேரலை" என்றார் அம்மாவிடம். தலைவலி மாத்திரை கேட்டார்.

மத்தியானம் அவர் தூங்கும்போது போய்ப் பார்த்தேன். ஸ்டீயரிங்குக்கு அடியில் ரீஃபில் இல்லை. வயர்களைப் பிரித்துப் புது கறுப்பு டேப் சுற்றியிருந்தது.

அப்பா டேப் சுற்றவே மாட்டார்.

டிசம்பர் 15

அரைப்பரீட்சை ஆரம்பித்துவிட்டது. தமிழ் நன்றாக எழுதினேன்.

வந்ததும் அம்மா வனபத்ரகாளியம்மன் கோவிலுக்குக் கூப்பிட்டாள். வயர்க்கூடையில் பூ, தேங்காய். அடியில் ஓர் ஊறுகாய் டப்பா. நான் தூக்குகிறேன் என்றேன், கொடுக்கவில்லை. நடக்கும்போது டப்பாவுக்குள் உலோகம் உரசுகிற சத்தம் வந்தது. அந்த டப்பாவை எனக்குத் தெரியும். அப்பாவின் பெஞ்சில் கடைசி டிராயரில் இருக்கும், அந்த டிராயர் பூட்டியிருக்கும். ஒரே ஒரு தடவை திறந்து கிடந்தபோது பார்த்திருக்கிறேன். அது நிறைய பிரவுன் தலை வைத்த கரண்ட் வால்வுகள், கார்பரேட்டரிலிருந்து கழற்றியவை. உதிரிக்கு வைத்திருக்கிறார் என்று நினைத்தேன்.

சாமி கும்பிட்டுவிட்டு பவானி ஆற்றுக்கு இறங்கினோம்.

"கண்ண மூடிக் கும்பிட்டுக்க. நல்ல மார்க் வரோணும்னு வேண்டிக்க."

மூடினேன். தொபுக்கென்று சத்தம் கேட்டது. கண்ணைத் திறந்தபோது கூடை அம்மாவின் கையில் லேசாக ஆடியது.

"என்னம்மா அது?"

"பழைய பூ."

"பூ இப்படி முழுகுமா?"

"வாய மூடிக்கிட்டு நட." பாலம் வரைக்கும் வந்த பிறகு, முந்தானையால் என் முகத்தைத் துடைத்துவிட்டாள். "உனக்குப் பரீட்சை. அதை மட்டும் நெனை. வேற எதையும் நெனைக்காதே, அம்மா சொல்றேன்ல?"

அந்த டப்பா நிறைய. ஒரு வண்டிக்கு ஒரு வால்வுதான். ஒரே ஒரு வண்டிக்கு மட்டும் செய்தார் என்று எழுதினேனே.

டிசம்பர் 17

அறிவியல் பரீட்சை. முடிந்ததும் ஸ்டாஃப் ரூம் வாசலில் மிஸ்ஸைப் பிடித்தேன்.

"மிஸ், கார் அதிகமா பெட்ரோல் குடிச்சா என்ன புகை வரும்?"

"ஏன்டி, பரீட்சை முடிஞ்சு போச்சு, இப்ப வந்து கேக்கற? சரியா எரியலைன்னா கார்பன் மோனாக்சைடு வரும்."

"கறுப்பா இருக்குமா?"

"நிறம் கிடையாது, வாசம் கிடையாது. அதான் ஆபத்து. ரத்தத்துல ஆக்சிஜன் இருக்க வேண்டிய எடத்துல போய் உட்காந்துக்கும். முதல்ல தலைவலி, வாந்தி. அப்புறம் தூக்கம், அவ்வளவுதான். செத்தவங்க மொகம்கூட ரோஸ் கலர்ல இருக்கும்னு சொல்வாங்க, பாத்தா தூங்கற மாதிரியே..." சொல்லிக்கொண்டே பையில் துழாவித் தலைவலித் தைலத்தை எடுத்து நெற்றியில் தடவினார். "ஏன்டி இப்படி வெளிறிப் போயிட்டே? சாப்பிட்டியா?"

சொல்லியிருக்கலாம். அந்த நிமிஷமே சொல்லியிருக்கலாம். வாயைத் திறந்தேன். போலீஸ் ஜீப்பும், அதில் ஏறும் அப்பாவும், தெருவே நின்று வேடிக்கை பார்ப்பதும் கண் முன்னால் வந்தன. "சாப்பிட்டேன் மிஸ்" என்றேன்.

டிசம்பர் 19

அப்பாவிடம் கேட்டேன். அவர் பெஞ்சில் உட்கார்ந்து ஒரு மிதவையைத் துடைத்துக்கொண்டிருந்தார். நான் எதிரில் உட்கார்ந்து ஜெட்டை ஊதுகிற மாதிரி ஊதினேன்.

"அப்பா, ஹெப்சிபா மிஸ் வண்டிய இன்னொருக்கா பாக்கறீங்களா?"

"எதுக்கு? லைட் எரியுதுங்கறாங்களா?"

"இல்லீங்கப்பா. தலைவலிங்கறாங்க."

"தலைவலிக்கு டாக்டருகிட்டப் போகச் சொல்லு. நான் வண்டிக்குத்தான் டாக்டர்." சிரித்தார். வாய் மட்டும்தான் சிரித்தது.

"அவங்க தளம் துருப் புடிச்சிருக்குன்னு நீங்கதானே சொன்னீங்க? பைப்பும் இத்துப்போயிருக்கு, புகை உள்ளதானே ஏறும்? இருபத்து நாலாந்தேதி குன்னூர் போறாங்களாமா. கண்ணாடி மூடிக்கிட்டுத்தான் போவாங்க. சின்னப் பையன் வேற."

அப்பா மிதவையைக் கீழே வைத்தார். என்னைப் பார்க்கவில்லை.

"அந்த வால்வு இப்ப எங்கயும் வர்றதில்ல சாமி. டெல்லி வரைக்கும் போன் போட்டுக் கேட்டாச்சு. என்னால ஆகாதுன்னு சொன்னா அடுத்த நாளே போர்டக் கழட்ட வேண்டியதுதான். எரியற லைட்டப் பாத்துட்டே வண்டி ஓட்ட யாருக்கு மனசு வரும்? அது அணையோணும்னுதான் இங்க வர்றாங்க. வேற எதுக்கும் இல்ல."

"அப்புறம் பெள்ளி அண்ணன்..."

"மாரடைப்பு!"

பட்டறையே அதிர்ந்தது. அப்பா என்னை நோக்கிக் கத்தியதே இல்லை. பக்கத்து வெல்டிங் கடைக்காரர் எட்டிப் பார்த்தார். "ஒண்ணுமில்லீங், புள்ள மார்க்கு கொறைச்சு வாங்கியிருக்குது" என்று அப்பா அவரிடம் சொன்னார். உடனே சொன்னார். யோசிக்கவே இல்லை. அப்பாவுக்கு இவ்வளவு சுலபமாகப் பொய் வரும் என்று எனக்குத் தெரியாது.

டிசம்பர் 20

அப்பா சாப்பிடவில்லை. அம்மா தட்டை எடுத்துவைக்கவும் இல்லை. இரண்டு பேரும் டிவியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். டிவி போடவில்லை.

டிசம்பர் 22

கடைசிப் பரீட்சை. ஜாமெட்ரி பாக்ஸில் அப்பாவின் வயர் வெட்டுகிற சின்ன கட்டரை எடுத்துப்போனேன்.

மிஸ் எப்போதும் பேப்பர் கட்டுகளைக் காரில் வைக்க எங்களில் யாரையாவது கூப்பிடுவார். இன்று நானே போய் நின்றேன். சாவியைக் கொடுத்து, முன்சீட்டில் வை, நான் கையெழுத்துப் போட்டுவிட்டு வருகிறேன் என்றார். பின்சீட்டில் ஜோயல் பிஸ்கட் தின்றுகொண்டிருந்தான். நான் பேப்பர் கட்டுகளை வைத்துவிட்டு, ஸ்டீயரிங்குக்கு அடியில் தலையை நுழைத்துப் படுத்தேன்.

"அக்கா, என்ன பண்றே?"

"எறும்பு புடிக்கறேன்."

"எனக்கும் காட்டு."

"கடிக்கும். அங்கயே இரு."

இருந்தது. ஊதா ரீஃபில். இதிலும் என் பல்.

"எங்க கார்ல வந்தா எனக்குத் தூக்கம் தூக்கமா வரும்" என்றான் ஜோயல். "அம்மா என்னைத் தூக்கிட்டுப் போயி கிளாஸ்ல விடுவாங்க. நான் எந்திரிக்கவே மாட்டேன்."

கட்டர் இரண்டு தடவை வழுக்கியது. மூன்றாவது தடவை வெட்டினேன். ரீஃபிலை உருவி எடுத்தேன். மஞ்சள் விளக்கின் வயரை அதன் பழைய நுனியோடு சேர்த்து முறுக்கினேன். மிஸ் வந்து வண்டியை எடுத்ததும் ஆயில் விளக்கு அணைந்தது. மஞ்சள் விளக்கு அணையவில்லை. எரிந்துகொண்டே இருந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது, அவ்வளவு சந்தோஷம்.

"ஐயோ, மறுபடியுமா!" மிஸ் ஸ்டீயரிங்கில் அடித்தார்.

"மிஸ், லைட் எரியறப்போ மலையில போகாதீங்க மிஸ். ப்ளீஸ். பஸ்ல போங்க."

"பைத்தியமா, இதை வச்சுக்கிட்டு எவ போவா? நாளைக்குச் சாயங்காலம் நேரா உங்க அப்பாகிட்ட விட்டுடறேன். அவரு கை வச்சா அணைஞ்சிடும்."

கார் கேட்டைத் தாண்டிப் போய்விட்டது. நான் அங்கேயே நின்றேன். இதை எப்படி நான் யோசிக்காமல் போனேன்? விளக்கு எரிந்தால் மேட்டுப்பாளையத்தில் எல்லோரும் எங்கே போவார்கள் என்று என்னைவிட யாருக்குத் தெரியும்?

டிசம்பர் 23

மிஸ் சாயங்காலம் காரைக் கொண்டுவந்து விட்டார். நான் மாடிப்படியில் உட்கார்ந்து கேட்டேன்.

"காலையில ஏழு மணிக்குக் கிளம்பணும் மூர்த்தியண்ணா. முடியுமா?"

முடியாது என்று சொல்லுங்கள் அப்பா. ஒரே ஒரு வார்த்தை. நான் காதைப் பொத்திக்கொண்டேன். பொத்தினாலும் கேட்டது.

"வச்சுட்டுப் போங்க மிஸ். காலையில ரெடியா இருக்கும்."

மிஸ் ஆட்டோவில் போய்விட்டார். அப்பா டார்ச்சை எடுத்துக்கொண்டு ஸ்டீயரிங்குக்கு அடியில் படுத்தார். அவர் கால்கள் மட்டும் வெளியே தெரிந்தன. ரொம்ப நேரம் அந்தக் கால்கள் அசையவே இல்லை. பிறகு எழுந்து உட்கார்ந்து மாடியைப் பார்த்தார். நான் பின்னால் நகர்ந்துகொண்டேன்.

சாப்பிடும்போது, "சின்ன கட்டரக் காணோம்" என்றார்.

அம்மா என் தட்டில் இன்னொரு தோசையை வைத்தாள். "எங்கயாச்சும் கெடக்கும்" என்றாள். நான் அதைப் பிட்டுச் சாப்பிட்டேன்.

"வயர நறுக்குன்னு ஒரே வெட்டா வெட்டியிருக்குது" என்றார் அப்பா. "தொழில் தெரிஞ்ச கை."

அப்பா கையைக் கழுவிக்கொண்டு பட்டறைக்கு இறங்கிப் போனார்.

இப்போது எல்லா விளக்கும் அணைத்தாயிற்று. கீழே மட்டும் வெளிச்சம். ஜன்னலிலிருந்து பார்த்தால் பட்டறை வாசலில் மிஸ்ஸின் காரின் கதவு திறந்திருப்பது தெரிகிறது. இஞ்சினைப் போட்டார். மீட்டர் போர்டில் மஞ்சள் விளக்கு எரிகிறது. அப்பா சீட்டில் உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருக்கிறார். கதவை மூடிக்கொண்டு அந்தப் புகையிலேயே உட்கார்ந்துவிடுவாரோ என்று எனக்குப் பயமாக இருந்தது. மூடவில்லை.

இஞ்சினை நிறுத்திவிட்டார்.

முதல் பக்கத்தில் யாரிடமும் காட்டாதீர்கள் என்று கெஞ்சியிருக்கிறேன். இப்போது அதைப் படித்தால் வெட்கமாக இருக்கிறது. நான் யாருக்காகக் கெஞ்சினேன்? பெள்ளி அண்ணனின் சம்சாரத்துக்கு இன்னும் எதுவும் தெரியாது. ஜோயல் நாளைக்கு ஏழு மணிக்குப் பின்சீட்டில் ஏறிப் படுத்துக்கொள்வான்.

படியில் சத்தம். அப்பாவின் செருப்பு. அம்மா ஏதோ கேட்கிறாள். இந்தப் பக்கம்தான் வருகிறார்.

தட்டுகிறார்.

"அம்மிணி. தூங்கிட்டியா?"

நான் நோட்டை மூடாமல் எழுதிக்கொண்டே இருக்கிறேன்.

"சாமி, கதவத் தொற. தீந்துபோன ரீஃபில் ஒண்ணு இருந்தா குடு."

மறுபடியும் தட்டுகிறார். என்னிடம் தீர்ந்த ரீஃபில் இருக்கிறது. மிஸ்ஸின் காரிலிருந்து உருவியது, ஜாமெட்ரி பாக்ஸில். அதைக் கையில் எடுத்துக்கொண்டேன். கதவைத் திறக்கப் போகிறேன். இதை அவரிடம் கொடுக்கப் போவதில்லை, காட்டத்தான் போகிறேன். காட்டிவிட்டு, இப்போதே மிஸ்ஸுக்குப் போன் போடுங்கள், நீங்கள் போடாவிட்டால் நான்